ஊர் கட்டும் பள்ளியும் அரசின் கடமையும்: கடையம் வாழ்வை மையமாகக் கொண்டு பாரதியின் கல்வி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மகாகவி சுப்பிரமணிய பாரதியின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் கவிதை, விடுதலைப் போராட்டம், இதழியல் என்னும் மூன்று நிலைகளில் எழுதப்பட்டுள்ளது. கல்வி பெற்றவர், கற்பித்தவர், கல்வித் திட்டம் வகுத்தவர் என்ற நிலையில் அவர் வாழ்வைத் தொடர்ச்சியாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த கடையத்தில் 1918 முதல் 1920 வரை அவர் வாழ்ந்த காலம் இதற்கு மையமாகக் கொள்ளப்படுகிறது. கல்வியில் அரசின் பங்கு எது, ஊர்ச் சமூகத்தின் பங்கு எது என்னும் வினாவிற்கு அவர் எழுத்து அளித்த விடையையும், அவ்விடைக்கு அவர் வாழ்வும் பின்வந்த வரலாறும் வைத்த சோதனைகளையும் கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பாரதி, கடையம், தேசியக் கல்வி, உதவிபெறும் பள்ளி, சேரன்மாதேவி குருகுலம், தாய்மொழிவழிக் கல்வி.

1. முன்னுரை

வளரும் நாடுகளில் கல்வியை யார் பொறுப்பேற்று நடத்துவது என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அரசே முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. மக்கள் அமைப்புகளே கல்வியைத் தம் தேவைக்கேற்ப நடத்தவல்லன என்பது மற்றொரு தரப்பு. இவ்விவாதம் தமிழகத்திற்குப் புதியதன்று. நெல்லைச் சீமையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருச்சபைப் பள்ளிகளும், இந்துக்கள் கூடி நிறுவிய பள்ளிகளும், திண்ணைப் பள்ளிகளும், அரசின் உதவித்தொகையும் ஒன்றோடொன்று கலந்தும் போட்டியிட்டும் வளர்ந்தன. அச்சூழலில் பிறந்து வளர்ந்தவர் பாரதி.

அவருடைய கல்விச் சிந்தனையை அவர் எழுத்துகளிலிருந்து மட்டும் தொகுத்துக் கூறும் ஆய்வுகள் பல உள்ளன. அச்சிந்தனை எந்த வாழ்நிலையிலிருந்து எழுந்தது, எந்த வாழ்நிலையில் சோதிக்கப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது. ஆகவே இக்கட்டுரை அவர் கூற்றுகளை மேற்கோளாக அடுக்காமல், வாழ்வின் நிகழ்வுகளைக் கால வரிசையில் வைத்துப் பொருள் காண முயல்கிறது.

2. பிறப்பும் கல்விக் கொள்கைப் பின்னணியும்

பாரதி 1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் பிறந்தார். அதே 1882ஆம் ஆண்டில்தான் இந்தியக் கல்வி நிலையை ஆராய ஹண்டர் குழு அமைக்கப்பட்டது. 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை அளிக்கும் முறையை வகுத்திருந்தது. ஹண்டர் குழு அம்முறையை மேலும் வலியுறுத்தித் தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் விடுமாறு பரிந்துரைத்தது. அரசு நேரடியாகப் பள்ளி நடத்துவதைச் சுருக்கிக்கொண்டு, பிறர் நடத்தும் பள்ளிக்குத் துணைநிற்பது என்பதே அன்றைய கொள்கையின் சாரம்.

இக்கொள்கையின் பயன் எல்லோரையும் ஒரே அளவில் சென்றடையவில்லை. பள்ளி நிறுவும் பொருளும் செல்வாக்கும் உடைய சமூகங்கள் உதவித்தொகையைப் பெற்றன. அவை இல்லாத சமூகங்கள் கல்விக்குப் புறத்தே நின்றன. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே இருந்தனர். பாரதியின் கல்விச் சிந்தனை இந்த எண்ணின் நிழலில் உருவானது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

3. பாரதி பயின்ற பள்ளிகள்

ஐந்தாம் வயதில் தாயை இழந்த பாரதியைத் தந்தையே வளர்த்தார். ஆங்கிலமும் கணிதமும் பயின்று மகன் உயர்நிலை அடைய வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவ முயன்று பொருளிழந்தவர் அவர். புதிய தொழில்நுட்பத்தின்மீது அவருக்கிருந்த மதிப்பே மகனின் கல்வி குறித்த திட்டத்திலும் வெளிப்பட்டது. மகனின் நாட்டமோ தமிழ்க் கவிதையில் சென்றது. பதினோராம் அகவையில் எட்டயபுர அவைக்களப் புலவர்களிடம் பாரதி என்னும் பட்டம் பெற்றார்.

1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். இப்பள்ளி நெல்லை நகர இந்துக்களின் கூட்டு முயற்சியால் வளர்ந்தது. திருச்சபைப் பள்ளிகள் செல்வாக்குப் பெற்றிருந்த நகரில், அவற்றுக்கு இணையாகச் சமூகமே நிறுவிக்கொண்ட கல்விக்கூடம் அது. நிர்வாகம் உள்ளூராருடையதாயினும் பாடத்திட்டமும் தேர்வும் பயிற்றுமொழியும் அரசும் பல்கலைக்கழகமும் வகுத்தவையே. கட்டடத்தைச் சமூகம் எழுப்பினாலும் அதனுள் கற்பிக்கப்படுவதைச் சமூகம் தீர்மானிக்கவில்லை. பின்னாளில் எழுதிய தன்வரலாற்றுக் கவிதையில் இக்கல்வியை அவர் கடுமையாகச் சாடினார். தந்தையின் பொருள் செலவானதேயன்றித் தமக்கு நலம் விளையவில்லை என்பதும், தம் நாட்டின் வரலாறும் புலமையும் அறியாமலே மாணவர் வெளியேறுகின்றனர் என்பதும் அவர் குறைபாடுகள்.

1897ஆம் ஆண்டு தொடக்கத்தில், கல்வியைத் தொடரப் பொருளுதவி வேண்டி எட்டயபுர ஜமீனுக்குச் செய்யுள் வடிவில் விண்ணப்பம் எழுதினார். பதினான்கு வயதுச் சிறுவன் கல்விக்காகப் புரவலரிடம் கைநீட்ட வேண்டியிருந்தது என்பது அக்காலக் கல்வி அமைப்பைப் பற்றிய ஒரு சான்று. அதே ஆண்டில் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளுடன் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. அடுத்த ஆண்டு தந்தை மறைந்தார். அத்தை குப்பம்மாளின் ஆதரவில் காசிக்குச் சென்றார்.

காசியில் மிஷன் கல்லூரியிலும் ஜெய் நாராயண் கல்லூரியிலும் பயின்று, அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். ஜெய் நாராயண் கல்லூரி வங்கச் செல்வர் ஜெய் நாராயண் கோஷலின் கொடையால் 1818இல் தொடங்கப்பெற்றுத் திருச்சபைத் தொண்டுக் கழகத்தாரால் நடத்தப்பட்டது. இவ்வாறு ஜமீன், நகர இந்துக்கள், உறவினர், வங்கக் கொடையாளர், திருச்சபை என ஐந்து வகைப் புரவலர்களின் நிழலில் பாரதியின் கல்வி நிகழ்ந்தது. அரசு நேரடியாக நடத்திய பள்ளி எதுவும் இவ்வரிசையில் இல்லை. பின்னாளில் ஊர்ப் பொதுமக்களை நம்பி அவர் கல்வித் திட்டம் வகுத்ததற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

4. ஆசிரியப் பணியும் இதழ்ப்பணியும்

1902இல் எட்டயபுரம் திரும்பிய பாரதி சிறிது காலம் ஜமீன் பணியில் இருந்தார். 1904 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அப்பள்ளியின் தமிழாசிரியர் அரசஞ் சண்முகனார் விடுப்பில் சென்றமையால் கிடைத்த இடம் அது. மூன்று திங்களுக்குச் சற்று மிகுந்த இக்காலமே அவர் வகுப்பறையில் ஆசிரியராக நின்ற காலம். ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழாசிரியர் பெற்றிருந்த தாழ்ந்த மதிப்பை நேரில் கண்டறிய இக்காலம் போதுமானதாக இருந்திருக்கும்.

1904 நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். 1905இல் பெண்களுக்கான சக்கரவர்த்தினி இதழின் ஆசிரியரானார். பள்ளிக்கு வர இயலாத பெண்களிடம் அச்சின் வழியே கல்வியைக் கொண்டுசெல்லும் முயற்சி அது. காசியில் 1905இல் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டிற்குச் சென்றதை ஒட்டிச் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். நிவேதிதை கல்கத்தாவில் பெண்களுக்கான பள்ளியை 1898இல் நிறுவி நடத்தியவர். பெண்களுக்குச் சம உரிமை என்பதைக் கொள்கையாக மட்டுமன்றிக் கடமையாகவும் கொள்ள இச்சந்திப்பு பாரதியைத் தூண்டியது. தம் தொடக்கக் கவிதை நூல்களை அவர் நிவேதிதைக்கே காணிக்கையாக்கினார்.

அதே காலத்தில் வங்காளத்தில் கல்வி நேரடி அரசியற் களமாயிற்று. மாணவர் அரசியற் கூட்டங்களில் கலந்துகொள்வதைத் தண்டிக்குமாறு 1905இல் வெளியான கார்லைல் சுற்றறிக்கைக்கு எதிர்வினையாக, 1906இல் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அதன் கல்லூரிக்கு முதல்வராக இருந்த அரவிந்தர் 1910இல் புதுச்சேரிக்கு வந்தபோது, 1908 முதல் அங்கு வாழ்ந்த பாரதிக்கு நெருங்கிய தொடர்பினரானார். அரசின் பணத்தைப் பெறும் பள்ளி அரசின் ஆணைக்கும் உட்பட வேண்டும் என்பதை வங்காள நிகழ்வு உணர்த்தியது. மறுபுறம் கோகலே 1911இல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைச் சட்ட மன்றத்தில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது தோற்கடிக்கப்பட்டது. அயல் அரசு கல்வியைத் தரவும் மறுத்தது. தந்த இடத்தில் கட்டுப்படுத்தவும் செய்தது. இவ்விரு மறுப்புகளுக்கும் இடையில்தான் ஊர்ப் பள்ளி என்னும் கருத்தைப் பாரதி முன்வைத்தார்.

5. தேசியக் கல்வித் திட்டம்

தேசீயக் கல்வி என்னும் தலைப்பில் பாரதி எழுதிய கட்டுரைகள் நடைமுறைத் திட்டமாகவே அமைந்துள்ளன. ஒவ்வோர் ஊரிலும் பொதுமக்களே பள்ளி நிறுவ வேண்டும். பெரிய ஊராயின் சில தெருக்களுக்கு ஒன்றாக நிறுவ வேண்டும். குறைந்தது மூன்று ஆசிரியர்களுடன் தொடங்க வேண்டும் என்கிறார். ஆசிரியர்க்கு உயர் பட்டங்கள் வேண்டியதில்லை. மெட்ரிகுலேஷன் அளவில் படித்தவராயின் போதும். ஆனால் தமிழ் இலக்கியப் பயிற்சியும் நாட்டுப்பற்றும் உயிரிரக்கமும் கட்டாயம் என்று வரையறுக்கிறார்.

எழுத்து, படிப்பு, கணக்கு ஆகியவற்றோடு வரலாறு, புவியியல், சமயம், அரசியல் நூல், பொருள் நூல், அறிவியல், கைத்தொழில், வேளாண்மை, தோட்டப் பயிற்சி, வணிகம், உடற்பயிற்சி, பயணம் எனப் பாடங்கள் விரிகின்றன. இவற்றுள் அரசியல் நூல் குறிப்பிடத்தக்கது. ஆட்சி மக்களின் விருப்பத்திற்கு உட்பட்டது என்பதையும், ஊர்த் தூய்மை, நலவாழ்வு போன்றவற்றில் மக்களுக்குள்ள பொறுப்பையும் தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஊர் தானே பள்ளி நடத்துவதால் அரசின் கடமை தீர்ந்துவிடும் என்று அவர் கருதவில்லை என்பதற்கு இப்பாடமே சான்று. ஊரார் நடத்தும் பள்ளி, அரசைக் கேள்வி கேட்கவல்ல குடிமக்களை உருவாக்கும் இடமாக அவர் திட்டத்தில் அமைகிறது.

திட்டத்தின் மற்றோர் அடிப்படை மொழி. தமிழ்நாட்டில் நடைபெறும் தேசியக் கல்வியில் தமிழே முதன்மை பெற வேண்டும். ஆங்கிலத்தை முதன்மையாக வைத்துத் தமிழைத் துணையாக்கினால் தேசியம் என்னும் பெயருக்கே பொருளில்லை என்று வாதிட்டார். பலகை, எழுதுகோல் போன்ற பள்ளிப் பொருள்களின் பெயர்களும் தமிழில் வழங்க வேண்டும் என்ற அளவிற்கு அவர் நுணுகிச் சென்றார். பெண்களை விலக்கி நடத்தும் கல்வி தேசியக் கல்வி ஆகாது என்பது அவர் மூன்றாம் அடிப்படை.

பொருள் திரட்டும் வழியாக ஊர்மக்களின் கொடையையே அவர் நம்பினார். கலைமகளைப் போற்றும் அவருடைய புகழ்பெற்ற பாடல் ஒன்று பள்ளி நிறுவும் பணியில் செல்வர், வறியவர், சொல்வன்மை உடையவர், உடலுழைப்பாளர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கை ஒதுக்குகிறது. அப்பாடலின் கொடையாளர் வரிசையில் அரசு இடம்பெறவில்லை. அயலாட்சிக் காலச் சூழலில் அது இயல்பானதே.

6. கடையம்: 1918–1920

புதுச்சேரியிலிருந்து 1918 நவம்பரில் வெளியேறிய பாரதி கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14ஆம் நாள் நிபந்தனைகளுடன் விடுவிக்கப்பட்டு, செல்லம்மாளின் பிறந்த ஊரான கடையம் சென்றார். எழுத்துகளைக் காவல் துறையின் பார்வைக்கு முன்னரே அனுப்ப வேண்டும் என்பதும், குறிப்பிட்ட எல்லைக்குள் வாழ வேண்டும் என்பதும் அந்நிபந்தனைகளுள் அடங்கும்.

கடையம் பொதிகை மலைத்தொடரின் அடிவாரத்தில், தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே, ராமநதியும் ஜம்புநதியும் பாயும் வளமான ஊர். நெல்லையிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்லும் இருப்புப்பாதையில் அமைந்தது. குற்றால மலையின் தென்மேற்குப் பருவக்காற்று இவ்வூர் வயல்களையும் நனைக்கும். ஊருக்கு வெளியேயுள்ள நித்திய கல்யாணி அம்மன் கோயிலும் அதைச் சூழ்ந்த பாறைகளும் பாரதி உலவிய இடங்களாக இன்றும் காட்டப்படுகின்றன.

ஊர்ப் பொதுமக்களை நம்பிக் கல்வித் திட்டம் வகுத்தவர் உண்மையான ஊர் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த காலம் இது. புதுச்சேரியில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கனகலிங்கத்திற்குப் பூணூல் அணிவித்தவர் அவர். அக்கிரகார ஒழுங்கு அத்தகைய ஒருவரை எளிதில் ஏற்கவில்லை. அவரும் அவ்வொழுங்கிற்கு உட்படவில்லை. உறவினரிடையிலும் ஊராரிடையிலும் அவர் ஒருவகைத் தனிமையில் வாழ நேர்ந்தது. ஊர் என்பது ஒரே மனமுடைய பொது அமைப்பு அன்று. அதற்குள் தெருவும் சாதியும் உண்டு. எந்தத் தெருவின் குரல் ஊரின் குரலாகக் கொள்ளப்படும் என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. திட்டத்தில் பொதுமக்கள் என்று ஒரு சொல்லால் சுட்டப்பட்டவர்கள் கடையத்தில் தனித்தனித் தெருக்களாகப் பிரிந்து நின்றனர்.

ஆயினும் ஊரின் எல்லைகளைக் கடக்கும் முயற்சியை அவர் கைவிடவில்லை. 1920இல் கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில் இசுலாமியர் கூடிய அவையில் இசுலாத்தின் பெருமை குறித்துச் சொற்பொழிவாற்றினார். பல சமயத்தாரும் வந்து வழிபடும் பள்ளிவாசலால் புகழ்பெற்ற ஊர் அது. பிற சமயத்தை மதித்துக் கற்றல் என்பதைத் தம் பாடத்திட்டத்தில் வற்புறுத்தியவர், அதனைத் தாமே செய்து காட்டிய நிகழ்வு எனலாம். 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்திற்கும் சென்றார். இளைஞர் தாமே கூடி நூலகமும் சொற்பொழிவும் நடத்திய அச்சங்கத்தை அவர் மனமாரப் பாராட்டிப் பாடினார். பிறப்பால் அமைந்த ஊரினும் விருப்பத்தால் அமைந்த சங்கம் கல்விப் பணிக்கு ஏற்றது என்னும் உணர்வு அப்பாராட்டில் தொனிக்கிறது.

இதே 1920இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி விதிக்கவும், தம் பகுதியில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் இச்சட்டம் இடமளித்தது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி கல்வித்துறை இந்திய அமைச்சரின் பொறுப்பில் வந்தது. கொடையை நம்பிய பள்ளியிலிருந்து வரியை நம்பும் பள்ளிக்குத் தமிழகம் நகரத் தொடங்கிய ஆண்டு, பாரதி கடையத்தில் வாழ்ந்த இறுதி ஆண்டாகவும் அமைந்தது.

7. தமிழ் வளர்ப்புப் பண்ணை

கடையத்தில் பாரதி மேற்கொண்ட முயற்சிகளுள் பெரியது, தம் நூல்கள் அனைத்தையும் அச்சிடும் திட்டம். 40 நூல்கள், ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் என்பது அவர் கணக்கு. தமிழ் வளர்ப்புப் பண்ணை என்னும் பெயரில் அமைந்த இத்திட்டத்திற்காக நண்பர்களிடமும் தமிழன்பர்களிடமும் நன்கொடையாக அன்றி, வட்டியுடன் திருப்பித் தரும் கடனாகவே பணம் கேட்டு 1920இல் வேண்டுகோள் விடுத்தார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தம் நூல்கள் ஊர்தோறும் எளிதாகப் பரவும் என்பது அவர் நம்பிக்கை.

நூறில் ஆறு பேர் அளவிலேயே எழுத்தறிந்த நாட்டில் நான்கு இலட்சம் படிகளை விற்கலாம் என்பது கனவாகத் தோன்றலாம். ஆனால் கல்வித் திட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் அதன் தருக்கம் விளங்கும். ஊர்தோறும் தமிழ்ப் பள்ளி எழுந்தால் தமிழ் நூலுக்கு வாசகர் உண்டாவர். தமிழ் நூல் மலிவாகக் கிடைத்தால் பள்ளிக்குப் பாடம் உண்டாகும். ஒன்று மற்றொன்றிற்கு அடிப்படை. வேண்டுகோளுக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. அதற்கு முன் 1919இல் எட்டயபுர ஜமீனுக்கு எழுதிய சீட்டுக்கவிகளும் பயன் தரவில்லை. பதினான்கு வயதில் கல்விக்காகக் கேட்டவர், முப்பத்தாறாம் வயதில் கவிதைக்காக அதே வாயிலில் நின்றார். பழைய புரவலர் முறை தளர்ந்துவிட்டது. புதிய பொதுமக்கள் ஆதரவோ இன்னும் உருவாகவில்லை. 1920 நவம்பரில் மீண்டும் சுதேசமித்திரனில் சேரச் சென்னை சென்ற பாரதி, 1921 செப்டம்பரில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

8. சேரன்மாதேவி வைத்த சோதனை

பாரதி மறைந்த மறு ஆண்டில், புதுச்சேரியில் அவருடன் வாழ்ந்த வ.வே.சு. ஐயர் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். அது விரைவில் சேரன்மாதேவிக்கு மாற்றப்பட்டது. கடையம் அமைந்த அதே இருப்புப்பாதையில் சில நிலையங்கள் கிழக்கே உள்ள ஊர் அது. தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று ஆகிய கூறுகள் பாரதியின் திட்டத்தை நினைவூட்டுவன. அரசு உதவியைப் பெறாமல், தமிழ்நாடு காங்கிரஸ் வாக்களித்த 10,000 ரூபாயில் பெறப்பட்ட 5,000 ரூபாயையும், தமிழகத்திலும் கடல் கடந்தும் வாழ்ந்த தமிழரின் கொடைகளையும் கொண்டு அது நடைபெற்றது.

பிராமண மாணவர் இருவர் பெற்றோர் விருப்பப்படி தனியே உணவருந்த இடமளிக்கப்பட்டமை 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரும் பூசலாக வெடித்தது. பெரியார் ஈ.வெ.ராவும் பி. வரதராஜுலுவும் இதனை எதிர்த்தனர். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் பள்ளியில் பொதுமக்களிடையே வேற்றுமை காட்டலாகாது என்பதே எதிர்ப்பின் மையம். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தார். குருகுலமும் நிலைக்கவில்லை.

இந்நிகழ்வைச் சாதி அரசியலின் வரலாறாக மட்டுமே பார்ப்பது வழக்கம். கல்வி வரலாற்று நோக்கில் இதற்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. கொடையால் நடக்கும் பள்ளி, கொடையாளரின் மனச்சாய்வுக்கும் பெற்றோரின் வற்புறுத்தலுக்கும் உட்படும். அங்கு நிகழும் அநீதியைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது பாரதியின் திட்டத்தில் விடை பெறாத வினா. கடையத்தின் தெருக்களில் அவர் சந்தித்த சிக்கலே சேரன்மாதேவியின் உணவுக்கூடத்தில் நிறுவனச் சிக்கலாக வெளிப்பட்டது.

9. தடை, நாட்டுடைமை, மதிய உணவு

பாரதியின் நூல்களை முதலில் காத்தவர் குடும்பத்தார். 1922இல் செல்லம்மாள் பாரதி ஆச்ரமத்தின் வழியாகவும், பின்னர் உறவினரும் நண்பரும் பாரதி பிரசுராலயத்தின் வழியாகவும் நூல்களை வெளியிட்டனர். 1928இல் சென்னை அரசு அவர் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. பள்ளிகளில் பாடப்பட்டுவந்த பாடல்கள் அவற்றுள் அடங்கும். சட்ட மன்றத்தில் சத்தியமூர்த்தி இதனை எதிர்த்து வாதிட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1947இல், கல்கியின் முயற்சியாலும் மக்கள் கொடையாலும் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தது. எழுத்தாளர்களும் அன்பர்களும் தொடர்ந்து வற்புறுத்தியதன் பயனாக 1949இல் சென்னை அரசு அவர் எழுத்துகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுமக்களுக்கு உரிமையாக்கப்பட்டன. பறிமுதல் செய்த அரசே உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கியதற்கு இடையில் நாடு விடுதலை பெற்றிருந்தது. மக்கள் இயக்கம் ஒன்றும் இடைவிடாது செயல்பட்டிருந்தது.

கல்வித்துறையிலும் இவ்விரு ஆற்றல்களின் ஊடாட்டம் தொடர்ந்தது. 1953இல் அறிமுகமான அரைநாள் பள்ளித் திட்டம் குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்ற கடும் எதிர்ப்பை மக்களிடம் சந்தித்து, மறு ஆண்டே கைவிடப்பட்டது. சேரன்மாதேவியில் கொடையாளர் பள்ளி தவறியது போல இங்கு அரசு தவறியது. இரு முறையும் திருத்தியது பொதுவெளியின் எதிர்ப்பே. காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1956இல் மதிய உணவுத் திட்டம் ஊர்மக்களின் கொடையைக் கொண்டு தொடங்கியது. பாரதி பிறந்த எட்டயபுரம் அதன் தொடக்கக் களமாக நினைவுகூரப்படுகிறது. விரைவில் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கரும்பலகை, இருக்கை, நிலம், கட்டடம் என வழங்கினர். கலைமகள் பாடலில் பாரதி பகிர்ந்தளித்த பங்குகள் இங்கு நடைமுறையாயின. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆசிரியர் ஊதியமும், சேர்க்கையில் வேற்றுமையின்மையும், நிலையான நிதியும் அரசின் பொறுப்பாக இருந்தன. ஊரின் கொடை அவற்றுக்கு மேல் சேர்ந்தது.

தென்காசி வட்டாரத்தில் இக்கலப்பு இன்றும் கண்கூடு. அரசுப் பள்ளிகளோடு திருச்சபையினரும் பிற சமூகத்தாரும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் அருகருகே இயங்குகின்றன. குற்றாலத்தில் 1964இல் தோன்றிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி மூன்றாவது வகைக்குச் சான்று. பக்தர் கொடையால் சேர்ந்த கோயில் பொருளை, அறநிலையத் துறையின் வழியாக அரசு பெண்கல்விக்குத் திருப்பிய முயற்சி அது. சமூகத்தின் பொருளும் அரசின் பொறுப்பும் ஒரே நிறுவனத்தில் இணைந்துள்ளன. கடையத்தில் பாரதியின் பெயரைத் தாங்கிய மேல்நிலைப்பள்ளியும் இயங்கி வருகிறது.

10. முடிவுரை

பாரதியின் வாழ்வைக் கல்வியின் வழியே நோக்கும்போது மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஊர்ப் பள்ளி என்னும் அவர் திட்டம் அரசை மறுக்கும் கொள்கையாக எழுந்ததன்று. அயல் அரசு தன் கடமையை மறுத்த சூழலில் எழுந்த மாற்று. அரசியல் நூலைத் தொடக்கப் பள்ளிப் பாடமாக்கியதன் வழி, பொறுப்புள்ள அரசை மக்கள் உருவாக்கவும் அத்திட்டமே வழிவகுத்தது. இக்காரணத்தால் இன்றைய அரசு கல்விச் செலவிலிருந்து விலகிக்கொள்வதற்குப் பாரதியைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

இரண்டாவது, ஊர்ச் சமூகத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய கல்வி, அச்சமூகத்தின் வேற்றுமைகளையும் உடன் சுமக்கும். கடையத்தில் பாரதி உணர்ந்த தனிமையும் சேரன்மாதேவி நிகழ்வும் இதனை உறுதி செய்கின்றன. சமத்துவத்தை உறுதிப்படுத்தும் சட்டமும் நிலையான நிதியும் அரசிடமிருந்தே வரவேண்டும். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இக்கடமையை உரிமையாக அறிவித்துள்ளது.

மூன்றாவது, சட்டமும் நிதியும் மட்டும் போதியவை அல்ல. தாய்மொழிக்கு முதன்மை, உள்ளூர் வாழ்வோடு இயைந்த பாடம், ஆசிரியரின் மனப்பாங்கு ஆகியவற்றைக் காக்கவும், அரசு தவறும்போது தடுத்துக் கேட்கவும் விழிப்புள்ள மக்கள் அமைப்புகள் வேண்டும். தொடக்கப் பள்ளியிலும் தமிழ்வழி சுருங்கிவரும் இக்காலத்தில், பாரதி திட்டத்தின் மொழிப் பகுதி தனியே மீளாய்வு செய்யத்தக்கது. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரும் உள்ளாட்சி உறுப்பினரும் இடம்பெற்றுள்ள இன்றைய அமைப்பில், அக்குழுக்கள் உண்மையில் எந்தத் தெருவின் குரலை ஒலிக்கின்றன என்பதைத் தென்காசி மாவட்டப் பள்ளிகளில் கள ஆய்வு செய்வது இக்கட்டுரையின் தொடர்ச்சியாக அமையும்.